கூரையில் தொடங்கும் மின்கட்டணம்

மியன்மாரின் யாங்கோன் நகரத்திலும் குளிர்காலம் உண்டு. ஐப்பசியோடு மழை ஓயும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை வெப்பநிலை 17, 18 டிகிரிக்கு இறங்கும். தேநீர்க் கடை வாசலில் கம்பளிச் சட்டைகள் தென்படும். ஆனால் வீட்டுக்குள் கணப்பு மூட்டும் தேவை அந்த நகரத்தில் யாருக்கும் வருவதில்லை. அது ஷான் மலையில் இருக்கும் தவுஞ்சிக்கும் கலாவுக்கும், சின் மாநிலத்து ஹக்காவுக்கும் உரிய கவலை. யாங்கோன் குடும்பத்தின் பணம் கரைவது பங்குனியிலும் சித்திரையிலும்தான். 2024 ஏப்ரல் 28 அன்று மகுவே பகுதியில் உள்ள சௌக் என்ற ஊரில் 48.2 டிகிரி பதிவானது. மியன்மாரில் ஏப்ரல் மாதத்தில் அதுவரை காணாத வெயில் அது. கடற்காற்று எட்டும் யாங்கோனிலும் அன்றைக்கு 40 டிகிரி.

வெப்பம் எப்போதும் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குத்தான் பாயும். எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் தெரு என்பது சுவருக்குத் தெரியாது. ஆகவே குளிர்நாட்டுக்காரர்கள் கணப்புச் செலவைக் குறைக்கப் போடும் அதே கணக்கை நாம் குளிரூட்டும் செலவுக்கும் போடலாம். பரப்பு எவ்வளவு, இருபுறமும் வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு, நடுவில் இருக்கும் பொருள் எவ்வளவு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது ஆகிய மூன்றையும் பெருக்கினால் போதும்.

போட்டுப் பார்த்தால் முதலில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. லண்டனில் ஜனவரி மாதம் வெளியே 2 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால் வித்தியாசம் 18. யாங்கோனில் சித்திரை மதியம் வெளியே 37, உள்ளே ஏசி போட்டு 27 என்றால் வித்தியாசம் வெறும் 10. அப்படியானால் யாங்கோன் வீட்டைக் காப்பது லண்டன் வீட்டைக் காப்பதைவிட எளிதாக அல்லவா இருக்க வேண்டும்? இருக்கும், வெயில் என்ற ஒன்று இல்லாவிட்டால். 37 டிகிரி என்பது நிழலில் வைத்த வெப்பமானி காட்டும் காற்றின் வெப்பநிலை. கூரை நிழலில் இல்லை. உச்சி வெயிலில் கருத்த கூரையின் மேற்பரப்பு 65 டிகிரியைத் தாண்டும். அப்போது வித்தியாசம் 38 ஆகிவிடுகிறது, லண்டன் வித்தியாசத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். குளிர்நாட்டில் காற்றின் வெப்பநிலையை யாராலும் மாற்ற முடியாது. சுவரைத் தடிமனாக்கி, இடைவெளிகளை அடைத்து, வெப்பக் காப்புப் பொருளைத் திணிப்பது ஒன்றே வழி. கூரையின் மேற்பரப்பு எவ்வளவு சுட வேண்டும் என்பதையோ நாம் தீர்மானிக்கலாம். நிழல் விழுந்தால் அது 37-க்கு அருகே வந்துவிடும். வெள்ளை அடித்தால் 45 டிகிரியைச் சுற்றி நின்றுவிடும்.

தமிழ்நாட்டுக் கோயில் பிரகாரத்தில் பங்குனி மதியம் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கருங்கல் தளத்தில் பட்டையாக வெள்ளைப் பூச்சு அடித்து வைத்திருப்பார்கள். அந்தப் பட்டையில் நிதானமாக நடக்கலாம். ஓர் அடி விலகினால் ஓட்டம்தான். ஒரே கல், ஒரே வெயில், ஒரே காற்று. மாறியது நிறம் மட்டும். ஷ்வேடகோன் பகோடாவின் மேடையிலும் மதிய நேரத்தில் வெளிர் பளிங்கைத் தேடித் தேடிக் கால் வைப்பவர்களைப் பார்க்கலாம்.

இனி ஒரு யாங்கோன் வீட்டை எடுத்துக்கொள்வோம். நகரத்தின் நடுப்பகுதியில் அடுக்குமாடி வீட்டின் வழக்கமான அளவு பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம். முன்னால் ஒரு தாழ்வாரம், பின்னால் சமையலறையும் குளியலறையும், இடையில் வெளிச்சம் புகாத இரண்டு அறைகள். இருபக்கச் சுவரும் அண்டை வீட்டோடு பொது. ஆறேழு மாடி இருந்தாலும் பல கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு தாழ்வாரத்திலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப். நாளிதழ்க்காரரும் பலகாரக்காரரும் அதில் மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். மேலே போகப் போக வாடகை குறைவு, படியேறுவது யார்? ஆக, எல்லாவற்றிலும் சூடான வீடு வசதி குறைந்தவர்களுக்கே வாய்க்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே கூரையைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

மேல்மாடி வீட்டின் கூரைப் பரப்பு 625 சதுர அடி, அதாவது 58 சதுர மீட்டர். தெளிந்த வானத்தில் நண்பகல் சூரியன் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் தருகிறது. மொத்தத்தில் 58 கிலோவாட் அந்த ஒரு வீட்டின் தலைமேல் இறங்குகிறது. கூரை வெறும் தகரமாக இருந்து, அது 65 டிகிரியும் உள்காற்று 35 டிகிரியுமாக இருந்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 180 வாட் உள்ளே இறங்கும். மொத்தம் 10 கிலோவாட்டுக்கு மேல். யாங்கோன் கடைகளில் ஏசியைக் குதிரைத்திறன் கணக்கில் விற்கிறார்கள். ஒரு குதிரைத்திறன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 2.6 கிலோவாட். கூரை வழியே வருவதை மட்டும் வெளியேற்ற அதைப்போல நான்கு வேண்டும். அதே தகரத்தில் வெள்ளை அடித்து 45 டிகிரிக்குக் கொண்டுவந்தால் உள்ளே இறங்குவது மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

தகரத்தைப் பற்றி ஒரு சந்தேகம் வரலாம். புதுத் துத்தநாகத் தகடு பளபளவென்று மின்னுகிறதே, வெயிலைத் திருப்பி அனுப்பாதா? ஓரளவு அனுப்பும். ஆனால் ஒரு பொருள் சுடுமா என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு குணங்கள். வரும் ஒளியைத் திருப்புவது ஒன்று. உறிஞ்சிய வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு வீசிவிடுவது மற்றொன்று. வெற்று உலோகத்துக்கு இரண்டாவது வேலை வராது. வாங்கிய சிறு வெப்பத்தையும் விடாமல் வைத்துக்கொண்டு காய்ந்துபோகும். சுண்ணாம்புக்கும் வெள்ளைப் பூச்சுக்கும் இரண்டும் கைவந்தவை. யாங்கோனின் மழையில் சில ஆண்டுகளிலேயே தகடு துருவேறிக் கருத்துவிடுகிறது. அதன்பிறகு முதல் குணமும் போய்விடும்.

உள்ளே இருப்பவரை வாட்டுவது காற்றின் சூடு மட்டுமல்ல. 35 டிகிரியில் இருக்கும் பரப்பைவிட 65 டிகிரியில் இருக்கும் பரப்பு 45 சதவீதம் அதிகமாகக் கதிர்வீசும். கதிர்வீச்சு கெல்வின் அளவின் நான்காம் அடுக்கில் ஏறும் என்பதால் இப்படி. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல்கூட 100 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியே விட்டாக வேண்டும். அதில் கணிசமான பங்கைச் சுற்றியுள்ள சுவர்களையும் கூரையையும் நோக்கிக் கதிர்வீச்சாகவே விடுகிறது. கூரை நம் தோலைவிடச் சூடாக இருந்தால் போக்கு திரும்பிவிடும். மின்விசிறி முழு வேகத்தில் ஓடியும் உச்சந்தலை காய்கிறது என்று மேல்மாடிக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

தகரத்துக்குப் பதில் கான்கிரீட் தளம் என்றால் இன்னொரு தொல்லை. நாலைந்து அங்குலக் கான்கிரீட்டைக் கடந்து வர வெப்பத்துக்கு மூன்று மணி நேரம்போலப் பிடிக்கும். வெயில் தணிந்து எல்லோரும் வீடு திரும்பும் நேரத்தில்தான் உட்புறம் உச்சத்துக்கு வரும். இரவு எட்டு மணிக்குக் கட்டில்மேல் ஏறி நின்று தளத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்; சுவரைவிடத் தெளிவாகச் சுடும். யாங்கோனில் மின்சாரம் சுழற்சி முறையில் மணிக்கணக்கில் நிற்கிறது. விசிறியும் இல்லாத இரவில், மேலே இருந்து தளம் கதிர்வீசிக்கொண்டிருக்க, குழந்தைகளும் முதியவர்களும் அதன் கீழ் படுத்திருக்கிறார்கள். இந்த நகரத்தில் கூரைக்கு வெள்ளை அடிப்பது கட்டணத்தை மட்டும் பற்றிய பேச்சில்லை. மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை செய்யும் குளிரூட்டல் அது.

சுவர்களைவிடக் கூரையையே இவ்வளவு சொல்லக் காரணம் யாங்கோன் இருக்கும் இடம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 17 டிகிரி. மே முதல் வாரத்தின் இறுதியை ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. மறுபடி ஆகஸ்ட் தொடக்கத்திலும் நிற்கும். ஆனால் அப்போது மழை மேகம் மறைத்துக்கொள்ளும். சித்திரையில் தெற்குச் சுவருக்கு வெயில் ஏறக்குறைய இல்லை. கிழக்கும் மேற்கும் காலை மாலைகளில் வாங்கும். கூரை நாள் முழுவதும் வாங்கும். 1850-களில் ஆங்கிலேயர் போட்ட கட்டம் கட்டமான நகர அமைப்பில் எண்ணிட்ட தெருக்கள் வடக்குத் தெற்காக ஓடுகின்றன, வீடுகள் கிழக்கோ மேற்கோ பார்க்கின்றன. தெரு குறுகல் என்பதால் கீழ்மாடிகளுக்கு எதிர்வீடே நிழல். மேல்மாடிக்கு அதுவும் கிடையாது. மேற்கு பார்த்த தாழ்வாரத்தைக் கண்ணாடி போட்டு அடைத்து அறையாக்கும் பழக்கம் பரவியிருப்பது வருத்தம் தருகிறது. நிழலாக இருந்த இடம் அடுப்பாகிவிடுகிறது. அடைத்தே தீர வேண்டும் என்றால் மூங்கில் தட்டியைக் கண்ணாடிக்கு வெளியே தொங்கவிடுங்கள். உள்ளே போடும் திரைச்சீலை வெயிலைப் பிடிக்கும்போது அது ஏற்கெனவே வீட்டுக்குள் வந்திருக்கும்.

பழைய வீடுகளைக் கட்டியவர்களுக்கு மின்சாரம் இல்லை, ஆகவே தவறு செய்ய வழியும் இல்லை. ஐராவதிக் கழிமுகத்துக் குடிசை கால்கள்மேல் நிற்கும். சுவர் பின்னிய மூங்கில் பாய். கூரை நிப்பா என்ற நீர்ப்பனையின் ஓலை. ஓலைக்கூரை அடுக்கடுக்காகக் காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருப்பதால் வெப்பத்தைக் கடத்தாது; பாய்ச்சுவரும் தரையின் இடுக்கும் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். யாங்கோனின் புறநகர்களில், லைங் தாயாவிலும் ஆற்றுக்கு அக்கரையில் தலாவிலும், அதே மூங்கில் சுவர்மேல் ஓலைக்குப் பதில் தகரம் ஏறிவிட்டது. தீப்பிடிக்காது, ஒழுகாது, அடிக்கடி மாற்ற வேண்டாம் என்பதெல்லாம் உண்மை. அதற்காக அங்கே குடியிருப்பவர்கள் வெயிலில் கொடுக்கும் விலையும் உண்மை.

நகர நடுவில் இருப்பது வேறு மரபு. 1889-இல் தொடங்கி 1905-இல் முடிந்த தலைமைச் செயலகத்தின் தடித்த செங்கல் சுவர்கள் பகல் வெப்பத்தைப் பல மணி நேரம் தள்ளிப்போடும். உயர்ந்த விதானம் சூடான காற்றைத் தலைக்கு மேலே வைத்திருக்கும். தாழ்வாரங்கள் சுவரில் வெயில் படாமல் காக்கும். காளியம்மன் கோயில் எழுந்த காலத்திலிருந்து தமிழர் நடமாடிய அனவ்ரதா சாலைப் பக்கம் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளிலும் சாய்கதவுச் சட்டங்கள் இன்னும் உண்டு. வெளிச்சத்தை மறைத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் மரப்பலகை அடுக்கு அது. அன்று ரங்கூன் எனப்பட்ட இந்த நகரத்தில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் பர்மா தேக்கைக் கப்பலேற்றிச் செட்டிநாட்டுக்குக் கொண்டுவந்து முற்றம் வைத்த வீடுகளைக் கட்டினார்கள். இரவில் குளிர்ந்த காற்று முற்றத்தில் இறங்கித் தங்கும், பகலில் சுற்றுக்கட்டு நிழல் அதைக் காக்கும். பழைய சென்னை வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் கூரையும் தேக்குக் கட்டைகளின்மேல்தான் நிற்கிறது: செங்கலைச் செங்குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். இன்றைய நாலங்குலக் கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் அந்தக் கூரையின் கீழ் மதியம் தூங்க முடிந்ததன் ரகசியம் விளங்கும்.

இப்போது கையில் இருக்கும் வீட்டுக்கு வருவோம். சுண்ணாம்பு மலிவு, வெற்றிலைக்கும் பகோடாவுக்கும் வேண்டியது என்பதால் யாங்கோனில் எங்கும் கிடைக்கும். ஆனால் ஆண்டுக்கு 2,700 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் வெறும் சுண்ணாம்பு நிற்காது. பசையும் கொஞ்சம் வெள்ளைச் சிமெண்டும் சேர்த்தால் பிடிப்பு கூடும். பணம் இருந்தால் நீர் புகாத வெள்ளை அக்ரிலிக் பூச்சு மேல். புதிதாக அடித்த நல்ல வெள்ளை, வெயிலில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பிவிடும். மழைக்காலத்தில் பாசி படிந்து கருக்கும்போது அந்தத் திறன் குறையும், ஆகவே ஆண்டுக்கொருமுறை தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும். தகரத்தின் மேலே ஏற முடியாதவர்கள் அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய நுரை விரிப்பைக் கட்டலாம். பளபளப்பான பக்கம் கீழ்நோக்கி, காற்றிடைவெளியைப் பார்த்து இருக்கட்டும். உலோகத்துக்குக் கதிர்வீச வராது என்று மேலே குறையாகச் சொன்னதே இங்கே பயன்படுகிறது. கீழ்நோக்கி இருந்தால் தூசியும் படியாது. மாடியில் மண் கொட்டித் தோட்டம் போடும் யோசனையை நான் ஊக்குவிக்க மாட்டேன். ஈரமண்ணின் எடையைப் பழைய தூண்கள் சுமக்குமா என்று பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். 2025 மார்ச் 28 அன்று மண்டலேயை நிலநடுக்கத்தால் உலுக்கிய சகாய்ங் பிளவு யாங்கோனுக்கும் தொலைவில் இல்லை.

நீளமான வீட்டுக்குக் காற்று இரண்டு முனைகளில்தான் உண்டு. முன்னே திறந்து பின்னே மூடினால் காற்று வாசலோடு நின்றுவிடும். பின்சந்தின் குப்பை நாற்றத்துக்கும் எலிக்கும் பயந்து பின்சன்னலைச் சாத்தியே வைத்திருப்பவர்கள் ஏராளம். டோ எயின் என்ற அமைப்பு நகர நடுவில் சில பின்சந்துகளைத் துப்புரவு செய்து சிறு தோட்டங்களாக்கியது. அதை அழகுபடுத்தும் வேலையாக மட்டும் பார்க்காமல், பத்துப் பன்னிரண்டு வீடுகளின் காற்றுவழியைத் திறந்துவிடும் வேலையாகவும் பார்க்கத் தோன்றுகிறது. அறைத் தடுப்புகளை விதானம்வரை எழுப்பாமல் மேலே ஓர் அடி விடுவதும், இரவில் வெளிக்காற்று குளிர்ந்தபின் சமையலறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறியை ஓட்டுவதும் மீதி வேலையைச் செய்யும்.

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி ஆளைக் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் ஓடும் விசிறி தன் 70 வாட்டையும் வெப்பமாக்கி அறையில் சேர்க்கும், அவ்வளவுதான். காற்று 40 டிகிரியைத் தாண்டினால் விசிறியை நம்ப வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓர் இரவில் விசிறி முக்கால் யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும். ஒரு குதிரைத்திறன் ஏசி நான்கைந்து யூனிட் கேட்கும், மாதத்துக்கு 150 வரை. யாங்கோனின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2019 ஜூலையில் மாற்றியபோது முதல் 30 யூனிட்டுக்கு 35 கியாட், 200 யூனிட்டைத் தாண்டினால் 125 கியாட் என்று வைத்தார்கள். 2024-இல் மீண்டும் உயர்த்தினார்கள். ஆகவே ஏசி ஓட்டும் யூனிட்டுகள்தான் எப்போதும் விலை கூடிய படியில் உட்காருகின்றன. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி செய்தார்கள். ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்திச் சிக்கன முகமையின் கணக்கு. 27-இல் வைத்து விசிறியையும் மெதுவாக ஓட்டினால் தூக்கத்துக்குக் குறையில்லை.

ஈரத்தை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக 2.4 மெகாஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அதே நீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்க ஏசி அதே அளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஏசி அறைக்குள் கொடி கட்டித் துணி உலர்த்துகிறவர்கள் அந்தத் துணியை மின்சாரத்தால் உலர்த்துகிறார்கள். வீட்டு வாசலில் வழிப்போக்கருக்காக வைக்கும் மண்பானைத் தண்ணீர், நம் ஊர்த் தண்ணீர்ப்பந்தல் போலவே, சித்திரையில் சில்லென்று இருக்கும், ஆடியில் இருக்காது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்துவிட்டால் பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாவதில்லை. வறண்ட மண்டலேயில் பலன் தரும் நீர்க்குளிர்விப்பான் யாங்கோன் மழையில் பயனற்றுப்போவதும் இதனால்தான். ஈரத் துணியை அறைக்குள் தொங்கவிடுவதைவிட, துணி அலசிய தண்ணீரை மாலையில் மொட்டைமாடியில் தெளிப்பது மேல். ஆவி வெளியே போகும், தளம் குளிரும்.

இவ்வளவும் தெரிந்தாலும் கூரைக்கு யார் செலவழிப்பது என்ற கேள்வி நிற்கிறது. யாங்கோனில் வாடகையை ஆறு மாதம், ஓராண்டு என்று மொத்தமாக முன்கூட்டியே கொடுக்கிறார்கள். அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாதவர் கூரைக்குப் பணம் போட மாட்டார். உரிமையாளருக்கு உள்ளே சுடுவது தெரியாது. கீழ்மாடிக்காரர்களுக்கு அது தங்கள் கூரையே இல்லை. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வகுத்தது. அப்படியொரு கை மேலிருந்து நீளும்வரை கட்டடத்துக்காரர்கள்தான் கூடிப் பேச வேண்டும். பேச நல்ல காரணமும் இருக்கிறது. பகலில் 65 டிகிரிக்கு விரிந்து இரவில் 25-க்குச் சுருங்கும் தளம் விரிசல் விடும். விரிசலில் மழைநீர் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி கான்கிரீட்டை உடைக்கும். அந்தச் சேதம் மேல்மாடியோடு நிற்காது. வெள்ளைப் பூச்சு தளத்தின் ஆயுளையும் நீட்டுகிறது என்பதால் ஏழு வீடும் பங்கு போடுவது நியாயம். வேலைக்கு ஏற்ற மாதம் மாசி. மழைப்பாசி காய்ந்து உதிரும், பூச்சு உலர வெயில் இருக்கும், திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கும். முதல் நாள் தேய்த்துக் கழுவி விரிசல்களை அடைக்கலாம். இரண்டாம் நாள் ஒரு பூச்சு, மூன்றாம் நாள் குறுக்குவாட்டில் இன்னொரு பூச்சு.